ஒரு தலைக்கு ஒரு தகடு

பழைய இரும்புக் கடையில் எல்லாச் சரக்கும் வந்த வேகத்தில் போய்விடும். அலுமினியம் மட்டும் வருஷம் முழுக்கக் கிடக்கும். பின்சுவர் ஓரமாக அதற்கென்றே ஒரு மூலை. நசுங்கிய சட்டி, காது போன வாளி, ஜன்னல் சட்டம், வண்டி எஞ்சினில் கழற்றிய பிஸ்டன், எது வந்தாலும் அதில் இருக்கிற இரும்பு ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு அந்த மூலையில் எறிவோம். கடை தொடங்கிய காலத்தில் முதலாளி வைத்த வழக்கம். இரும்பு சோற்றுக்கு, செம்பு வீட்டுக்கு, அலுமினியம் தர்மத்துக்கு என்பார். மழைக்காலத்துக்கு முன்னால் லாரி வரும், குவியல் போகும். வந்த பணம் பெரிய ஆஸ்பத்திரியில் கை கால் வெட்டுப்பட்டவர்கள் கிடக்கிற வார்டுக்குப் போகும். கட்டில், மெத்தை, மின்விசிறி. யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருஷம் சூறைக்காற்று வந்து பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதில் ரெண்டு தகடு பறந்துபோய் யார் வீட்டு வாசலிலோ விழ, அந்த ஆள் அதை எங்கள் கடைக்கே எடைக்குக் கொண்டுவந்தான். முதலாளியம்மா தானே எழுந்து வந்து எடைமேடையில் நின்று பார்த்தார்.

"காத்துக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, யார் தலைல இருந்து எடுக்கணும்னு" என்றார்.

முதலாளி அந்த ரெண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பச் சொன்னார். அன்றைக்குத்தான் சண்டை ஆரம்பித்தது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எடைமேடை. உள்ளே அவர்கள் பேசுவது வெட்டு மிஷின் ஓடாத நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் கேட்கும். கேட்கக் கூடாது என்று நினைக்கிற பேச்சும் கேட்கும்.

"குவியல் பணத்துல பாதி ஆஸ்பத்திரிக்கு, பாதி பள்ளிக்கூடத்துக்கு" என்றார் முதலாளி. "மழைக்குள்ள கூரை போடலைன்னா பூட்டச் சொல்லி உத்தரவு வந்துடும்னு பள்ளிக்கூடத்துப் பெரிய சார் ஆள் அனுப்பியிருக்காரு."

"பூட்டட்டும். பூட்டு வேணும்னா நான் தர்றேன். நம்ம கடையில இல்லாத பூட்டா?"

"நம்ம கடையில வேலை செய்யிறவங்க புள்ளைங்க எல்லாம் அங்கதான் படிக்குது."

"என் தம்பியும் அங்கதான் படிச்சான்."

அதற்குமேல் முதலாளி பேச மாட்டார். அந்தத் தம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சாக்கில் உட்கார்ந்து ஒயர் உரித்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவரைச் செம்பு என்போம். ரப்பர் உறையைக் கீறிச் செம்புக் கம்பியை உருவுவதுதான் அவர் வேலை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. அந்த ரெண்டுக்கும் நடுவில் கம்பியைச் செருகி இடது கையால் கத்தியை இழுப்பார். பாம்பு சட்டை கழற்றுவதுபோல உறை தனியே வரும்.

கதை ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வயதில் அவர் பையில் பள்ளிக்கூடத்துப் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. பெரிய சார் அப்போது இளந்தாரி வாத்தியார், புதிதாகத் தலைமையேற்றவர். பழைய இரும்புக் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை, பையில் குழாய், பிறகென்ன? எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வெளியே அனுப்பினார். அனுப்பப்பட்ட பிள்ளை வேறெங்கே போகும்? அக்காள் வீட்டுக்காரர் கடைக்கு வந்தது. வந்த அந்த மாதத்திலேயே வெட்டு மிஷின் மூன்று விரலை வாங்கிக்கொண்டது.

அதிலிருந்து முதலாளியம்மா பள்ளிக்கூடத் தெருவில் கால் வைத்ததில்லை. சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார். பெரிய சார் பிறகு தாளாளர் ஆனார், தலை நரைத்தார், மனைவியைப் பறிகொடுத்தார். ஒவ்வொரு செய்தி வரும்போதும் அம்மா "இன்னும் இருக்கு" என்பார். எது இன்னும் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

சண்டை தேநீர் வேளையில் எங்கள் மத்தியிலும் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பிரிக்கிற அம்மாளை டப்பா அத்தை என்போம். வாய் நிற்காது.

"படிப்புக்குக் குடுத்தா நாளைக்கு ஆகும், ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா இன்னிக்கு ஆகும்" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல் தேநீரை ஊதியபடி. "ரெண்டும் வேணும்ல?"

"அப்ப என்கிட்ட குடுத்துடுங்க முதலாளி" என்றாள் டப்பா அத்தை. "நான் இன்னிக்கும் இருக்கேன், நாளைக்கும் இருப்பேன்."

எல்லாரும் சிரித்தோம். ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவளுக்கே குடுங்க. அவ யார் புள்ளையையும் திருடன்னு சொன்னதில்ல."

முதலாளி தம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லு மாப்ள, நீயே சொல்லு. உன் பேர்லதான் சண்டை. குடுக்கலாமா வேணாமா?"

செம்பு கத்தியைத் துடைத்தார். "குவியல் உங்களுது மாமா. கோவம் அக்காவோடது. என்னுது இந்த ஒயர்தான்."

லாரிக்காரன் நாள் குறித்துவிட்டான். வானம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ஆள் அனுப்பிப் பார்த்துப் பயனில்லை என்று பெரிய சாரே ஒருநாள் கடைக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எண்ணெயும் துருவும் ஊறிய எங்கள் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். உட்கார நாற்காலி கொண்டுவரப் போனான் ஒருவன். அம்மா தடுத்துவிட்டார். குப்புறக் கிடந்த பழைய குளிர்பெட்டி ஒன்றைக் காட்டினார். சார் அதன்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

வெட்டு மிஷினை நிறுத்தச் சொன்னார் அம்மா. கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"புள்ளைங்க வராந்தாவுல உக்காருதும்மா" என்றார் சார். "மழை வந்தா அதுவும் இல்ல."

"தர்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

"சொல்லுங்கம்மா."

"என் தம்பி திருடலைன்னு சொல்லுங்க. இதோ இருக்கான். இவங்க எல்லாரும் இருக்காங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல, இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சார் முழங்காலில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டார். கூரைக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம்.

"அது என்னால முடியாதும்மா. குழாய் அவன் பையில இருந்துச்சு. நான்தான் கையை விட்டு எடுத்தேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"வேற எவனாவது போட்டிருப்பான்!"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப கிளம்புங்க. மழையில நனைஞ்சு புள்ளைங்களுக்கு நெசம் சொல்லிக் குடுங்க."

அப்போதுதான் செம்பு பேசினார். கையிலிருந்த ஒயரை வைக்கக்கூட இல்லை.

"எடுத்தேன்க்கா."

அம்மா திரும்பினார். "என்னடா?"

"நான்தான் எடுத்தேன். தொட்டிகிட்ட கழண்டு கீழ கிடந்துச்சு. நம்ம கடையில கீழ கிடக்கிறதெல்லாம் நம்ம சரக்குதானே. பித்தளையைக் கண்டா விடாதடான்னு மாமா சொல்லிக் குடுத்திருந்தாரு. மாமா சந்தோஷப்படுவாருன்னு பையில போட்டேன். திருட்டுன்னே தெரியாது. சார் சொன்ன பிறகுதான் அதுக்கு அந்தப் பேருன்னு தெரிஞ்சுது."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லலை?"

"நீ எங்க கேட்டேக்கா? என் தம்பி எடுத்திருக்க மாட்டான்னு நீயே ஊரெல்லாம் சொல்லிட்டே. அப்புறம் நான் எங்க போய்ச் சொல்றது?"

சார் எழுந்தார். வெற்றி பெற்ற முகம் இல்லை. ஆனாலும் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. கைக்குட்டையை மடித்தார். அந்த மடிப்பைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. இத்தனை வருஷம் சுமந்த கோபத்தின் அடியிலிருந்து யாரோ முட்டுக்கல்லை உருவிவிட்டார்கள். சரிந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அது இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது.

"உக்காருங்க சார்" என்றார். குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். "எடுத்தான். சரி. கீழ கிடந்ததை எடுத்தான். அதை இங்க வைடான்னு ஒரு வார்த்தை சொன்னா வெச்சிருப்பான். ரெண்டு அடி போட்டிருந்தாலும் வாங்கியிருப்பான். ஒரு குழாய்க்கு மூணு விரலா சார்? எந்த எடைமேடையில நிறுத்தீங்க?"

சார் மறுபடி உட்கார்ந்து செம்புவின் வலது கையைப் பார்த்தார்.

"இவனை மாதிரி எத்தனை புள்ளைங்களை வெளிய தள்ளியிருப்பீங்க?"

"கணக்கு வைக்கலைம்மா."

"இனிமே வைங்க. பாதிப் பணம் பள்ளிக்கூடத்துக்குத்தான். இவரு ஆசையும் நிறைவேறட்டும். பணமாக் குடுக்க மாட்டேன். கூரைக்கு எத்தனை தகடு வேணுமோ அத்தனையும் புதுசா வாங்கி இங்கயே சாத்தி வெச்சிருப்பேன். நீங்க வெளிய அனுப்பின ஒவ்வொருத்தரையும் நீங்களே வீடு தேடிப் போய்க் கூப்பிட்டு வந்து பெஞ்சுல உக்கார வைக்கணும். படிக்கிற வயசா இருந்தா படிக்கட்டும். வயசு போயிருந்தா ஒரு நாளாவது உக்காரட்டும். ஒரு தலைக்கு ஒரு தகடு."

"இது என்ன தர்மம்?" என்றார் முதலாளி.

"என் தர்மம்" என்றார் அம்மா. "உங்க தர்மத்தை ஆஸ்பத்திரிக்குக் குடுங்க."

சார் சம்மதிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மடித்த கைக்குட்டையைக் குளிர்பெட்டிமேலேயே விட்டுவிட்டார்.

குவியல் லாரி ஏறியது. ஆஸ்பத்திரிப் பங்கு வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனது. பள்ளிக்கூடப் பங்கு நீல நிறத் தகடுகளாக வந்து சுவரில் சாய்ந்து நின்றது. சார் கூப்பிடப் போகும்போது கூடவே போய்ப் பார்த்து, தலை வந்து சேர்ந்ததும் தகட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. திரும்பி வந்ததும் அம்மா ஜன்னலோரம் கூப்பிடுவார்.

"யாரு?"

"டீக்கடையில கிளாஸ் கழுவுற பொண்ணும்மா. பீஸ் கட்டலைன்னு அனுப்பின பொண்ணு."

"கடைக்குள்ள போனாரா, வெளிய நின்னு கூப்பிட்டாரா?"

"உள்ளயே போனாரும்மா. கடைக்காரன் ரொம்பப் பேசினான். நின்னு கேட்டுக்கிட்டாரு."

"என்ன பேசினான்?"

நான் சொல்வேன். அம்மா ஒரு சொல் விடாமல் கேட்பார். இனிப்பு தின்கிற பிள்ளையின் முகம் இருக்கும். சொல்லி முடித்த பிறகு எனக்கு வாய் கழுவ வேண்டும்போல இருக்கும்.

பிள்ளைகள் முதலில் வந்தார்கள். தலையில் பேன் என்று அனுப்பப்பட்ட அக்காள் தங்கை, பக்கத்துப் பையன் மண்டையை உடைத்த முரடன். பிறகு பெரியவர்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் பையோடும் விசிலோடும் முன் பெஞ்சில் உட்கார்ந்து, வருகை எடுக்கும்போது "ரைட்" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மத்தியானம் வரைக்கும் ஒன்றும் பேசாமல் கரும்பலகையையே பார்த்தாள். நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டாள். வண்டிப் பட்டறையில் இருந்த தடியன் ஒருவன் மட்டும் சாரை வெயிலில் காக்க வைத்தான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "பத்தாம் நம்பர் ஸ்பானர் எடுங்க சார், பன்னெண்டு எடுங்க சார்" என்று ஏவினான். சார் எடுத்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒட்டியது. சாயங்காலம் அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன் சார். எனக்கு இன்னும் ஏழாம் வாய்ப்பாடு வராது" என்றான்.

இதைச் சொன்ன அன்று அம்மா மறுபடி சொல்லச் சொன்னார். ஸ்பானர் இடத்தை மட்டும் மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார்.

முதலாளி அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டார். எடைமேடையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கூரை ஏறுதுல்ல? அது போதும்" என்பார். சொல்லிவிட்டு, பித்தளை எது வந்தாலும் செம்புவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்ப்பார்.

கடைசியில் சுவரில் ஒரே ஒரு தகடு நின்றது. சார் வந்தார். இளைத்திருந்தார். செருப்பின் குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இந்தத் தடவை நாற்காலியும் எதிர்பார்க்கவில்லை, குளிர்பெட்டியிலும் உட்காரவில்லை.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாரையும் கூப்பிட்டாச்சும்மா. சில பேர் ஊரை விட்டே போயிட்டாங்க. ரெண்டு பேர் உயிரோட இல்ல. அவங்க வீட்டுக்கும் போயிட்டு வந்தேன்."

"ஒரு தலை குறையுது."

"தெரியும். அவன்கிட்டதான் வந்தேன்."

அம்மா பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டார். இதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சார் சாக்குக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒரு நாள் வந்து உக்காரு. காலைல வந்துட்டு சாயங்காலம் போயிடு."

செம்பு கம்பியை உருவி எடுத்துச் சுருட்டினார். "எந்த பெஞ்சு சார்?"

"உனக்கு எது பிடிக்குதோ அது."

"அன்னிக்கும் நான் பிடிச்ச பெஞ்சுலதான் இருந்தேன். ஜன்னலோரம். வாசல் கேட்டு வரைக்கும் உங்க பின்னாடியே வந்தேன், ஞாபகம் இருக்கா? சார் சார்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். நீங்க திரும்பவே இல்ல."

"ஞாபகம் இருக்கு."

"இருக்குல்ல? அது போதும் சார். நான் வரலை."

"டேய், போடா!" என்றார் அம்மா. "போய்க் கால் மேல கால் போட்டு உக்காந்துட்டு வா. உனக்காகத்தானடா இவ்வளவும்!"

செம்பு அக்காவைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "எனக்காக இல்லக்கா. நான் போனா உனக்குத் தகடு தீர்ந்துடும். அப்புறம் சாயங்காலத்துல யாரைக் கூப்பிட்டுக் கதை கேப்பே?"

செம்பு சாரிடம் திரும்பினார். கோபமில்லாத குரல். கணக்கு முடித்துச் சில்லறை எண்ணிக் கொடுப்பவனின் குரல்.

"நான் வந்தா கூரை முடிஞ்சுடும். ஊரெல்லாம் சார் நல்லது பண்ணிட்டாருன்னு பேசும். நீங்களும் நிம்மதியா அண்ணாந்து பாப்பீங்க. வேணாம் சார். அந்த ஓட்டை என்னுது. அது அப்படியே இருக்கட்டும்."

சார் எழுந்திருக்கத் தடுமாறினார். நான் கைகொடுத்தேன்.

கூரை வேலைக்காரர்கள் அந்த ஒரு தகட்டு இடைவெளியை வராந்தா ஓரத்துக்குத் தள்ளிவிடலாம் என்றார்களாம். ஒரு பழைய தகட்டைப் போட்டு அடைக்கவும் பார்த்தார்களாம். சார் ஒப்புக்கொள்ளவில்லை. தன் அறைக்கு மேலேயே விடச் சொல்லிவிட்டார். வகுப்பறை எல்லாம் மூடிவிட்டது. பூட்டச் சொன்ன அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மிச்சத் தகடு எங்கள் கடைச் சுவரிலேயே நின்றது. விற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அதைத் தாண்டித்தான் எல்லாரும் நடந்தோம்.

முதல் மழை மத்தியானத்தில் வந்தது. கடையில் எல்லாரும் சரக்கை மூட ஓடிக்கொண்டிருந்தோம். அம்மா தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் நேராகப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பினார்.

திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். முந்தானையைப் பிழிந்துகொண்டே செம்புவிடம் வந்தார்.

"பாத்தேன்டா. சரியா நாற்காலிமேலதான் ஊத்துது."

"நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கலையா?"

"இல்ல. அதுலயே உக்காந்திருக்காரு. நோட்டை எல்லாம் பெட்டிக்குள்ள வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நனையிறாரு. தள்ளி உக்காந்தா என்ன கேடு அந்த ஆளுக்கு? வேணும்னே உக்காந்திருக்காரு. நம்மளைத் தோற்கடிக்கணும்னே உக்காந்திருக்காரு!"

செம்பு அடுத்த ஒயரை எடுத்துக் கீறினார்.

உள்ளே முதலாளி சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். மழைச் சத்தத்தையும் மீறி ஜன்னல் வழியே பேச்சு கேட்டது.

"போய்ப் பாத்துட்டே. இப்பவாவது மனசு ஆறிச்சா?"

தட்டை இழுக்கிற சத்தம் வந்தது.

"இன்னொரு மழை வரட்டும், சொல்றேன். சோத்தைப் போடுங்க."